7. காத்து எவ்வளவு?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்குச் சேத்தூர் மெயின் ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் ஏழெட்டு சைக்கிள்கள் சாய்ந்து நிற்கும். பாதிப் பேர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருட்டோடு கிளம்பியவர்கள். மீதிப் பேர் ராஜபாளையத்தில் சேர்ந்துகொண்டவர்கள். ஓய்வுபெற்ற மில் ஃபிட்டர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிப் பட்டறைப் பையன் ஒருவன், அவர்களோடு நான். கடைக்கு வாழை இலைக்கட்டு கொண்டுவருகிற பெரியவர் ஒருவரும் உண்டு. அவருடையது தண்டவாளம் மாதிரி கனக்கும் பழைய சைக்கிள். எங்கள் கூட்டத்தில் சேராதவர், ஆனால் எங்கள் எல்லோரையும்விட அதிகம் ஓட்டுகிறவர்.

பேச்சு எப்போதும் மூன்று விஷயங்களுக்குள் சுற்றும்: போன வாரம் எவ்வளவு தூரம் போனோம், என்ன டயர், யார் எங்கே விழுந்தார்கள். ஊர் நலம் விசாரிப்பதற்குப் பதிலாக, "காத்து எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்றுதான் ஆரம்பிப்போம்.

"நூத்திப் பத்து பி.எஸ்.ஐ.ண்ணே. டயரு கல்லு மாதிரி இருந்தாத்தான் பறக்கும்" என்றான் தறிப் பையன்.

ஃபிட்டர் அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவன் டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். "கல்லு மாதிரி வேணும்னா ரிம்முல கல்லையே கட்டிக்க வேண்டியதுதான? காத்து எதுக்குலே?"

அன்றைக்கு அவர் கேட்டது கேலி. ஆனால் இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். பின்சக்கரத்தின் மேல் 47 கிலோ, முன்சக்கரத்தின் மேல் 38 கிலோ என்று பாரம் பிரியும். டயரில் 70 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 5 கிலோ அழுத்தம். அந்தக் காற்றுதான் உங்களைத் தாங்குகிறது. எனவே பாரம் முழுவதும் தாங்கப்படும்வரை டயர் தரையில் தட்டையாகும், அதற்கு மேல் தட்டையாகாது. பின்னால் 9.4 சதுர சென்டிமீட்டர், முன்னால் 7.6. கூட்டினால் 17. சிவகாசித் தீப்பெட்டியின் படம் ஒட்டிய முகம் இருக்கிறதே, அதே அளவு. இரண்டு சக்கரமும் சேர்த்து ஒரு தீப்பெட்டி அகலத்துக்குத்தான் நீங்கள் பூமியைத் தொட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஓடுவது, திரும்புவது, நிற்பது, விழாமல் இருப்பது எல்லாமே அந்தத் தீப்பெட்டிக்குள் நடக்கிற காரியம். தறிப் பையன் 110 பி.எஸ்.ஐ. அடித்து அந்தத் தீப்பெட்டியையும் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் கீழாகக் குறைத்துவிட்டான்.

குறைத்தால் வேகம் கூடாதா? நல்ல கேள்வி. கண்ணாடித் தரையில் ஓட்டினால் கொஞ்சம் கூடும். கொல்லம்–திருமங்கலம் நெடுஞ்சாலையிலோ, அதைவிட்டு இறங்கித் தேவதானம் போகிற ஊர்ச்சாலையிலோ கூடாது. ஏன் என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் வேறெங்கும் போக வேண்டாம். ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரைப் பார்த்தால் போதும்.

தேர்ச்சக்கரம் இம்மியும் வளையாது. அதனால்தான் சக்கரத்துக்கு அடியில் ஒரு முட்டுக்கட்டையைச் சொருகி அவ்வளவு பெரிய தேரை நிறுத்த முடிகிறது, திசை திருப்பவும் முடிகிறது. தேருக்கு முட்டுக்கட்டைதான் பிரேக், ஹேண்டில் பாரும் அதுவே. வளையாத சக்கரத்துக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் கல் கிடந்தால், மேலே இருக்கிற மொத்தப் பாரத்தையும் ஒரு சென்டிமீட்டர் தூக்கியாக வேண்டும். தூக்குவதற்கான ஆற்றல் முன்னோக்கிப் போகிற வேகத்திலிருந்து பிடுங்கப்படும். கல்லைத் தாண்டி 'தொம்' என்று இறங்கும்போது அது திரும்பி வராது. சத்தமாகவும் அதிர்வாகவும் போய்விடும்.

காற்றடைத்த டயர் கல்லை விழுங்குகிறது. கல்லின் உயரத்துக்கு ரப்பர் மட்டும் உள்ளே போகும், மேலே இருக்கிற ஆள் கிட்டத்தட்ட அதே மட்டத்தில் போய்க்கொண்டிருப்பார். கல் கடந்ததும் உள்ளே போன ரப்பர் வெளியே வந்து, வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஊரில் தார் போட்ட சாலை என்பது பார்வைக்குத்தான் மட்டம். கையை வைத்துத் தடவினால் ஜல்லி முழுக்கத் தட்டுப்படும். 110 பி.எஸ்.ஐ. டயர் அந்த ஜல்லி ஒவ்வொன்றின் மேலும் குட்டித் தேராக ஏறி இறங்குகிறது. அந்த நடுக்கத்தை ஓட்டுகிறவரின் கை, தோள், தொடைச் சதைதான் உறிஞ்சுகிறது. உடம்பு நடுங்குவதால் 'வேகமாகப் போகிறோம்' என்று தோன்றுவது வேறு கதை.

காற்றுச் சக்கரத்தின் தொடக்கமும் ஒரு நடுக்கத்திலிருந்துதான். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் பதித்த தெருவில் குலுங்கியதைப் பார்த்து, ரப்பர்க் குழாயைத் துணிக்குள் வைத்துச் சக்கரத்தில் கட்டினார். பழைய கெட்டி ரப்பர்ச் சக்கரத்தையும் புதியதையும் முற்றத்தில் உருட்டிவிட்டபோது, பழையது பாதியில் சாய்ந்தது, புதியது எதிர்ப்பக்கம்வரை ஓடி மோதியது. 1888இல் காப்புரிமை எடுத்தார். அடுத்த வருடம் மே மாதம் அதே ஊரில் வில்லியம் ஹியூம் என்ற வீரர் அந்தத் தடித்த டயரைப் போட்டுக்கொண்டு பந்தயங்களை வென்றார். பிறகுதான் தெரிந்தது, ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதே யோசனைக்கு நாற்பது வருடங்களுக்கு முன்பே, 1840களில், காப்புரிமை வாங்கியிருந்தார் என்று. டன்லப்பின் உரிமை செல்லாமல் போனது. பெயர் மட்டும் நிலைத்தது. தாம்சன் காலத்தில் குதிரை வண்டிதான் இருந்தது. தங்கள் தொடையால் மிதித்து ஓட்டுகிறவர்கள் வந்த பிறகே உருளுவதில் எவ்வளவு வீணாகிறது என்ற கவலை மனிதனுக்கு வந்திருக்கிறது. குதிரை என்ன, வாய் திறந்து சொல்லவா போகிறது?

வீணாவது எப்படி? டயரை ஒரு கைமாற்றுக்காரனாக நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது, தரையைத் தொடுகிற துண்டு நசுங்குகிறது: உங்கள் காலிலிருந்து கடன் வாங்குகிறது. தரையைவிட்டு எழும்பும்போது நிமிர்கிறது: கடனைத் திருப்புகிறது. நூறு வாங்கினால் நூறு திரும்பாது, கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். பிடித்தது சூடாகப் போகும். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் சுமார் 475 தடவை சுற்றுகிறது. நாற்பது கிலோமீட்டருக்குப் பத்தொன்பதாயிரம் கைமாற்று. ரப்பர் தடித்து, உள்ளே இருக்கிற துணி விறைத்து இருந்தால் பிடித்தம் அதிகம். நல்ல டயர் என்பது வாங்கியதைச் சுருக்காமல் திருப்பித் தருகிற டயர். டயரின் விலையில் பாதி இந்த நாணயத்துக்குத்தான்.

அந்த நாணயம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் ரப்பரைக் காட்டுவார்கள். நான் நூலைக் காட்டுவேன். டயரின் பாரத்தைக் காற்று தாங்குகிறது. காற்றை நூல் தாங்குகிறது. ரப்பர் வெறும் மேல்பூச்சு, செருப்பின் அடித்தோல் மாதிரி. தேய்ந்த டயரில் ரப்பர் போய் உள்ளே வலைவலையாகத் தெரியுமே, அதுதான் டயரின் எலும்பும் தசையும்.

முதல் டயர்களில் இருந்தது சாதாரண நெசவுத் துணி. பாவு மேலே, ஊடு கீழே. அடுத்த இழையில் ஊடு மேலே, பாவு கீழே. இந்தப் பக்கத்தில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து வீட்டுக்கு ஒருவராவது நூற்பிலோ தறியிலோ இருந்த வட்டாரம். அந்தத் துணி டயருக்குள் என்ன செய்தது தெரியுமா? டயர் நசுங்கி நிமிரும் ஒவ்வொரு தடவையும், குறுக்கே ஏறி இறங்குகிற பாவும் ஊடும் ஒன்றையொன்று ரம்பம் மாதிரி அறுத்துக்கொண்டன. உராய்வில் சூடும் வந்தது, நூலும் அறுந்தது. 1890களின் தொடக்கத்தில் சிகாகோவின் ஜான் பால்மர் ஒரு காரியம் செய்தார். நெய்யாமலே விட்டார். நூல்களை எல்லாம் ஒரே திசையில் பக்கம் பக்கமாகப் படுக்கவைத்து ரப்பரில் பதித்தார். அதற்கு மேல் இன்னோர் அடுக்கு, எதிர்ச்சாய்வில். இரண்டு அடுக்குக்கும் நடுவில் ரப்பர் மெத்தை. நூலும் நூலும் தொடவே இல்லை, அறுக்கவும் இல்லை. டயர் சட்டென்று லேசாக உருண்டது. இன்றைக்கும் சைக்கிள் டயர் இப்படித்தான் செய்யப்படுகிறது.

இதைச் சொன்னதும் தறிப் பையன் சிரித்தான். "அப்ப நாங்க நெய்யிறது சரியா எதிர்ப்பக்கம்ணே. பேண்டேஜ் துணியில பாவும் ஊடும் நெருங்கவே கூடாது. ஓட்டை ஓட்டையா இருந்தாத்தான் ரத்தத்தை உறிஞ்சும்." சத்திரப்பட்டியின் தறிகளிலிருந்து நாடு முழுக்கப் போகிற பேண்டேஜும் காஸும் பஞ்சுதான், அந்தக் காலத்து டயரின் உள்கூடும் பஞ்சுதான். டயருக்கென்றே நீண்ட இழைப் பஞ்சு தேடி அமெரிக்க டயர் கம்பெனியான குட்இயர் 1917 வாக்கில் அரிசோனா பாலைவனத்தில் பருத்தி பயிரிட்டது. அங்கே அந்தக் கம்பெனியின் பெயரிலேயே இன்று ஓர் ஊர் இருக்கிறது. பஞ்சு நனைந்தால் இற்றுப்போகும் என்பதால் பிறகு நைலான் வந்து அதைத் தள்ளியது. ஆனாலும் பந்தயக்காரர்களில் சிலர் இன்னும் பஞ்சுநூல் டயரைத் தேடி வாங்குகிறார்கள். அங்குலத்துக்கு முந்நூறு நூல் வரைக்கும் அதில் உண்டு. மெல்லிய நூல், மெல்லிய ரப்பர், பட்டுப் போல வளையும். கைமாற்றில் பிடித்தம் மிகக் குறைவு. நம் கருவேலங்காட்டுச் சாலைக்கு அது ஆகாது என்பது வேறு விஷயம்.

கருவேல் என்றதும் பஞ்சர் நினைவுக்கு வராத சைக்கிள்காரர் இங்கே கிடையாது. சீமைக்கருவேல் அமெரிக்கக் கண்டத்து மரம். மதராஸ் மாகாணத்தில் கடப்பைப் பக்கம் 1877இல் விதை போட்டார்கள். இன்று அதன் முள் இல்லாத ஓரம் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சைக்கிள்காரர்கள் சபிக்கிற முள் நம் நெருஞ்சி. ஆட்டுத்தலை போலக் கொம்பு நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே அதற்கு ஆட்டுத்தலை என்றே பெயர். அதைத் தின்று ஒழிப்பதற்காக 1961இல் இத்தாலியிலிருந்து வண்டுகளைக் கொண்டுபோய் விட்டார்கள். அவர்கள் முள் இங்கே, நம் முள் அங்கே. பஞ்சர் ஒட்டுகிறவருக்கு இரண்டு பக்கமும் பிழைப்பு.

முள் குத்தினால் டியூபில் ஒரு ஓட்டை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் அது முள் இல்லை. காற்றுக் குறைவாக வைத்துக் குழியில் இறக்கியதால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. பாம்புக்கடி என்பார்கள். ஆக, காற்று கூடினால் நடுக்கம், குறைந்தால் பாம்புக்கடி. இரண்டுக்கும் நடுவே உங்கள் எடைக்கும் டயரின் அகலத்துக்கும் ஏற்ற ஒரு இடம் இருக்கிறது. டயர் அகலமானால் அந்த இடம் கீழே இறங்கும். உலகப் பந்தயக்காரர்கள் பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்புவரை 23 மில்லிமீட்டர் டயரைத்தான் கட்டினார்கள். இன்று 28, 30 என்று தடித்துவிட்டது, வேகம் குறையவில்லை. இலைக்கட்டுப் பெரியவரின் டயர் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். "இப்பத்தான் நீங்க எல்லாம் என் வழிக்கு வாரீக" என்றார்.

டீக்கடை வேதங்களில் இன்னும் இரண்டை உரசிப் பார்த்துவிடலாம். வெயிலில் நிறுத்தினால் டயர் வெடிக்கும் என்பது ஒன்று. டயருக்குள் 30 டிகிரியில் 80 பி.எஸ்.ஐ. இருக்கிறது. மத்தியான வெயிலில் 60 டிகிரி ஆகிறது என்றே வைப்போம். காற்றின் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து, அதன் கெல்வின் வெப்பநிலையைப் பின்பற்றும். 303 கெல்வின் 333 ஆகும்போது பத்தில் ஒரு பங்குதான் ஏற்றம். 80 என்பது 89 ஆகும், அவ்வளவே. நல்ல டயர் இதற்கு வெடிக்காது. வெடித்தால் அது ஏற்கெனவே நூல் அறுந்த டயர், அல்லது மாட்டும்போது டியூப் ஓரத்தில் சிக்கியிருக்கிறது. வெயில் பழியை மட்டும் சுமக்கிறது. மலை இறக்கம் வேறு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால், ஓராயிரம் மீட்டர் இறக்கத்தின் ஆற்றல் பெரும்பாலும் ரிம்மில்தான் சூடாக இறங்கும். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. அங்கே டயர் வெடித்தால் நம்பலாம்.

மழைக்குப் புது டயர் வேண்டும், பட்டன் தேய்ந்தால் வழுக்கும் என்பது இன்னொன்று. காருக்கு இது சரி. தண்ணீரின் மேல் டயர் மிதந்து வழுக்கும் வேகத்தை, விமான டயர்களை வைத்து நாசா 1960களில் அளந்தது. அது டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. காரின் 32 பி.எஸ்.ஐ.க்கு மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர். சைக்கிளின் 70 பி.எஸ்.ஐ.க்குச் சுமார் 139. அந்த வேகத்தில் போகிற சைக்கிள்காரர் சேத்தூரில் இன்னும் பிறக்கவில்லை. சைக்கிள் டயர் ஒல்லியாக, வளைந்து, அழுத்தமாக இருப்பதால் தண்ணீரைத் தானே கிழித்துக்கொண்டு போய்விடும். தார்ச்சாலைக்கு மொழுக்கென்ற டயரே போதும். மழையில் உண்மையாக வழுக்குவது முதல் தூறலில் தூசியும் எண்ணெயும் கலந்த சேறு, வேகத்தடையின் வெள்ளைப் பெயிண்ட். பெயிண்டுக்கு எந்தப் பட்டனும் உதவாது.

வேதங்களில் ஒன்று மட்டும் முழு உண்மை: "முன்னால போறவன் முதுகுல ஒட்டிக்க." ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று கொட்டும்போது சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று தெற்கே போய்ப் பாருங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு நேர் எதிரே 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் எதிர்ப்பு இரு மடங்கு ஆகாது. நான்கு மடங்கு ஆகும். நெதர்லாந்தில் பெர்ட் ப்ளோக்கன் குழு 2018இல் 121 பேர் கொண்ட பந்தயக் கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் வைத்துப் பார்த்தது. கூட்டத்தின் நடுப் பின்பகுதியில் இருப்பவருக்குத் தனியாகப் போகிறவரின் காற்றெதிர்ப்பில் 5 முதல் 10 சதவீதம்தான். எங்கள் எட்டுப் பேர் வரிசையில் அவ்வளவு சலுகை கிடைக்காது. ஆனாலும் வாத்தியார் ஏன் எப்போதும் கடைசியில் வருகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இனி விழுந்த கதை. போன தை மாதம் தேவதானம் போகிற வழியில் ஒரு வளைவு. காலை வெயில் கண்ணில். வளைந்ததும் சாலை முழுக்க உளுந்துச்செடி. வண்டி ஏறி ஏறிக் காய் உடைபடட்டும் என்று பரப்பியிருந்தார்கள். களம் இல்லாத ஊர்களில் தார்ச்சாலைதான் களம். செடி பரவாயில்லை. அதிலிருந்து உதிர்ந்த மணிதான் என்னைக் கவிழ்த்தது.

25 கிலோமீட்டர் வேகத்தில் 12 மீட்டர் ஆர வளைவில் திரும்பினால் சைக்கிள் 22 டிகிரி சாயும். அப்படிச் சாய்ந்தபடி நிற்க, தரை உங்கள் எடையில் 0.41 பங்கு பக்கவாட்டில் பிடித்துக்கொடுக்க வேண்டும். காய்ந்த தார் 0.7, 0.8 வரை கொடுக்கும். உளுந்து மணி உருளை. பால் பேரிங்கின் குண்டுகளைச் சாலையில் கொட்டியது மாதிரி. அது கேட்டதில் பாதியைக்கூடக் கொடுக்காது.

முன்சக்கரம் பிடி விட்டால் ஏன் உடனே விழுகிறோம் என்பதற்குள் சைக்கிளின் ரகசியமே இருக்கிறது. சுற்றுகிற சக்கரம் பம்பரம் போல நிற்பதால் சைக்கிள் நிற்கிறது என்று பாடப்புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. 2011இல் அமெரிக்க, டச்சு ஆய்வாளர்கள் சேர்ந்து, பம்பர விளைவே இல்லாத, எதிர்ச்சுற்றுச் சக்கரங்கள் பூட்டிய ஒரு சைக்கிளைச் செய்து தள்ளிவிட்டார்கள். அது ஆளில்லாமல் தானே நிமிர்ந்து ஓடியது. 'சயின்ஸ்' இதழில் வந்தது. முக்கியமானது, சாய்கிற பக்கம் முன்சக்கரம் திரும்புவது. சாய்ந்த உடலுக்கு அடியில் சக்கரம் ஓடிப் போய் நின்றுகொள்கிறது. குரங்குப் பெடல் காலத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தானே? எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கம் ஒடி. உளுந்தின் மேல் ஹேண்டிலை ஒடித்தேன், சக்கரம் திரும்பியது, ஆனால் தரை பிடித்துக்கொடுக்கவில்லை. அடியில் ஓடி நிற்க வேண்டியது வெளியே ஓடிவிட்டது.

"முன் பிரேக்கப் புடிச்சிருப்பீங்க" என்றார் வாத்தியார். ஊரில் யார் விழுந்தாலும் முதல் குற்றவாளி முன்பிரேக்தான். அன்று நான் எதையும் பிடிக்கவில்லை. நேர் சாலையில் அது குற்றவாளியும் அல்ல. பிரேக் போடும்போது உடல் பாரம் முன்னால் சாய்வதால் பின்சக்கரம் லேசாகி வழுக்கத் தொடங்கும். 30 கிலோமீட்டர் வேகத்தில் பின்பிரேக்கை மட்டும் பிடித்தால் நிற்கப் பதினான்கு மீட்டர் ஆகும். முன்பிரேக்கையும் சேர்த்து, உடலைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து பிடித்தால் ஏழு. நாய் குறுக்கே வரும்போது அந்த ஏழு மீட்டர் பெரிய விஷயம். ராஜபாளையம் நாயாக இருந்தால் இன்னும் பெரிய விஷயம். வளைவிலும் மணலிலும் உளுந்திலும் மட்டும் முன்பிரேக்கைத் தொடக் கூடாது.

விழுவதற்கு அரை விநாடிக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். அதற்குள் மூளை எடுக்கிற ஒரே முடிவு, கையை ஊன்று என்பது. நடக்கும்போது தடுக்கினால் அது சரி. சைக்கிளிலிருந்து விழும்போது ஊன்றிய கையின் மணிக்கட்டு வாங்குகிறது, அல்லது தோள் வழியாகக் காறை எலும்பு வாங்குகிறது. சைக்கிள்காரர்களின் வழக்கமான முறிவு அது. எனக்குத் தோல் மட்டும் போனது. அந்த வேகத்தில் தாரில் சறுக்கினால் நான்கு மீட்டர் போய் நிற்போம். மொத்த இயக்க ஆற்றலையும் கொண்டு ஒரு கிளாஸ் டீயை நான்கு டிகிரி சூடாக்கலாம். கேட்க அற்பம். ஆனால் அது முழங்கையிலும் இடுப்பிலும் ஒரு ரூபாய் அகலத் தோலில் செலவாகும்போது அற்பமில்லை.

தறிப் பையன்தான் கட்டுப்போட்டுவிட்டான், அவன் பட்டறைத் துணியால். மறுநாள் பிரிக்கும்போது செய்த தவறை இங்கே சொல்ல வேண்டும்: காய்ந்து ஒட்டிய காஸை அப்படியே இழுத்தேன். புதிதாக முளைத்த தோலும் அதோடு வந்தது. புண் ஈரமாக மூடியிருந்தால் வேகமாக ஆறும் என்று ஜார்ஜ் வின்டர் 1962இலேயே பன்றிகளில் காட்டியிருக்கிறார். "தண்ணி விட்டு ஊறவச்சுப் பிரிங்கன்னு சொன்னேன்லண்ணே" என்று பையன் திட்டினான்.

முன்சக்கரத்தில் கோட்டம் விழுந்திருந்தது. சைக்கிள் கடைக்காரர் போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிச் சத்தம் கேட்டார். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். சக்கரத்தின் நடுத்தண்டு மேல்கம்பிகளில் தொங்குகிறது என்று நினைப்போம். ஜோப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981இல் எழுதிய நூலில் கணக்குப் போட்டுக் காட்டியது வேறு. பாரம் ஏறும்போது மேல்கம்பிகளின் இழுவிசை அநேகமாக மாறுவதில்லை. தரைக்கு நேர் மேலே இருக்கிற நாலைந்து கம்பிகள்தான் தளர்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒரு தடவை தளர்ந்து இறுகுகிறது. கம்பி அறுவது பாரத்தால் என்பதைவிட இந்தத் தளர்வும் இறுக்கமும் லட்சக்கணக்கில் நடப்பதால். கடைக்காரருக்குப் பிராண்டைத் தெரியாது. ஆனால் அரை மணி நேரத்தில் கோட்டம் எடுத்துவிட்டார்.

ஹெல்மெட் விஷயம் கடைசி. தலை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 19.5 கிலோமீட்டர் வேகம். ஐரோப்பியத் தரச்சோதனையில் ஹெல்மெட்டை இந்த வேகத்தில்தான் இரும்பின் மேல் போடுகிறார்கள். வெறும் தலை ஓரிரு மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். மூளைக்குப் புவியீர்ப்பைப்போல எழுநூறு மடங்குக்கு மேல் அதிர்ச்சி. ஹெல்மெட்டின் நுரை இரண்டு சென்டிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் அது எழுபத்தைந்து மடங்காக இறங்கும். டயர் செய்கிற அதே வேலை. ஒரே வித்தியாசம், டயர் ஞாயிறுதோறும் பத்தொன்பதாயிரம் தடவை நசுங்கி நிமிரும். ஹெல்மெட் நுரை ஒரே தடவைதான் நசுங்கும், நிமிராது.

உளுந்துக்குப் பிறகு என் ஹெல்மெட்டில் வெளியே ஒரு கீறல்தான். நன்றாகத்தானே இருக்கிறது என்று அடுத்த ஞாயிறும் மாட்டிக்கொண்டு போனேன். ஃபிட்டர் அண்ணாச்சி அதை வாங்கிப் பார்த்தார், உள்பக்கம் திருப்பினார், நுரையில் முடிக்கோடு மாதிரி ஓடிய விரிசலைக் காட்டினார். பிறகு டீக்கடை வாளிக்குப் பக்கத்தில் தூக்கிப் போட்டார். நீங்களும் ஒருமுறை விழுந்திருந்தால் இன்றைக்கே உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். விரிசல் தெரியாவிட்டாலும், தலை மோதியது உண்மையென்றால், புதிது வாங்குங்கள்.